மரண அறிவித்தலில் வெட்டிய இரண்டு சொற்கள்

பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக வரப்போகும் சட்டத்துக்கு வாக்களிக்க இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் இருபது வருசத்துக்கு மேல் ஒப்புநோக்காளராக இருந்தவன். ஒற்று மிகுமா மிகாதா, ‘ன’வா ‘ண’வா, அமைச்சரின் பெயரில் எத்தனை ‘க்’ என்று பார்ப்பதுதான் என் வேலை. ஓய்வு பெற்று ஊரோடு வந்து கன காலம். கண் மங்கிவிட்டது, ஆனாலும் அச்சில் எதைக் கண்டாலும் கை தானாகப் பேனையைத் தேடும்.

அந்தப் பழக்கத்தில்தான் 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தை ஒருமுறை முழுதாக வாசித்தேன். தலைப்பிலேயே பிழை. அடைப்புக்குறிக்குள் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று இருக்கிறது. மூன்று வருசத்துக்கு என்று கொண்டுவந்த சட்டம் அது. 1982இல் அந்தக் காலக்கெடுவை எடுத்துவிட்டார்கள், தலைப்பை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அந்தச் சட்டத்தோடு பிறந்த பிள்ளைக்கு இப்போது தலை நரைத்திருக்கும். எங்கள் கந்தோரில் இப்படி ஒரு பிழையை விட்டிருந்தால் அடுத்த நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு ஏசியிருப்பார்.

உங்களிடம் ஒரு விசயத்தைத்தான் சொல்ல வந்தேன். யுத்த காலத்தில் சொல்லைக் குற்றமாக்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தால் அது யுத்தத்தோடு முடியாது. நான் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன், என் கையாலும் செய்தவன். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2000 ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தது. மே மாதம் பிறந்ததும் அவசரகால ஒழுங்குவிதிகள் இறுகின. போர் பற்றி எது அச்சேறுவதென்றாலும் ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ பார்த்து ஒப்பம் வைக்க வேண்டும். பின்னேரம் பக்கங்கள் தயாரானதும் எங்கள் பெடியன் ஒருவன் அவற்றை ஒரு மட்டைக்குள் வைத்து மோட்டார் சைக்கிளில் கொண்டு ஓடுவான். இரவு எட்டு, ஒன்பது, சில நாள் பத்து மணிக்குத் திரும்பி வரும். அதுவரை அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு காத்திருப்போம். வந்த பக்கங்களில் சிவப்பு மை. சில இடத்தில் ஒரு சொல், சில இடத்தில் ஒரு பந்தி, சில நாள் பக்கத்தில் பாதி.

முதல் கிழமை செய்திப் பக்கங்களை மட்டும் அனுப்பினோம். இரண்டாம் கிழமையிலிருந்து பயத்தில் விளம்பரப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பத் தொடங்கினோம். அப்படிப் போன பக்கம் ஒன்றில் யாழ்ப்பாண மாவட்டத்துத் தென்மராட்சியைச் சேர்ந்த ஒரு தாயின் மரண அறிவித்தல் இருந்தது. வழக்கமான வாசகம்தான்: பிறந்த இடம், வாழ்ந்த இடம், இன்னாரின் அன்பு மனைவி, இன்னார் இன்னாரின் பாசமிகு தாயார், பிறகு ‘17.05.2000 அன்று ஷெல் வீச்சில் அகால மரணமடைந்தார்’. திரும்பி வந்தபோது ‘ஷெல் வீச்சில்’ என்ற இரண்டு சொல்லின் மேல் சிவப்புக் கோடு. எந்தப் பக்கத்து ஷெல் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. குடும்பத்துக்கும் அது தெரியாது, தெரிந்தாலும் அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள்.

வெட்டிப் போட்டோம். அடுத்த நாள் அந்த அம்மாவின் தம்பி முகப்பு மேசைக்கு வந்தார். வெள்ளவத்தையில் இருந்தவர். சத்தம் போடவில்லை. “அப்ப எங்கட அக்கா என்னெண்டு செத்தவ எண்டு சனம் நினைக்கும்? வருத்தம் எண்டெல்லோ நினைக்கும்?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. காசைத் திருப்பித் தரவா என்று மேசையிலிருந்த பிள்ளை கேட்டது. அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் ஒப்புக்கொள்ள வேண்டியது அடுத்து நடந்ததைத்தான். அந்தக் கிழமையிலிருந்து அப்படி வந்த அறிவித்தல்கள் எல்லாவற்றிலும் அந்தச் சொல்லை நானே வெட்டினேன். பக்கம் கொழும்பு முழுக்கச் சுற்றிவந்து நேரம் போவதை விட இது சுகம் என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். ‘ஷெல்’ மட்டுமா, ‘குண்டு’, ‘சுற்றிவளைப்பு’, ‘காணாமற்போன’ எல்லாவற்றிலும் என் பேனை தானாக நின்றது. அதிகாரிக்கு வேலை மிச்சம். ஒரு கட்டத்தில் பக்கங்கள் சிவப்பு மையே இல்லாமல் சுத்தமாகத் திரும்பி வரத் தொடங்கின. நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டோம் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்களை விடுங்கள், நாங்கள் பயந்தவர்கள். அதே மே மாதம் யாழ்ப்பாணத்தில் ‘உதயன்’ பத்திரிகை மூடப்பட்டது. சில நாளில் கொழும்பில் ‘சண்டே லீடர்’ என்ற ஆங்கிலப் பத்திரிகையின் அச்சகத்துக்கும் சீல் வைத்தார்கள். லீடர் செய்த குற்றம் சுவாரசியமானது. எழுதக் கூடாது என்று தடுக்கப்பட்ட எல்லாவற்றையும் தலைகீழாக எழுதியிருந்தார்கள். பலாலிப் படைத்தளம் தாக்கப்படவில்லை, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வரிக்கு வரி ‘இல்லை’ போட்டு ஒரு கட்டுரை. வாசித்தவர்கள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியதற்காக ஒரு பத்திரிகையை மூடிய நாடு உலகத்தில் வேறு இருக்குமோ தெரியாது. ஜூன் 30ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த அதிகாரியின் நியமனமே சட்டப்படி செல்லாது என்று சொல்லி அச்சகத்துச் சீல் முத்திரையை எடுக்க வைத்தது. எங்கள் பக்கங்களை அத்தனை நாளும் வெட்டியவரின் கையில் வெட்டும் அதிகாரமே இருக்கவில்லை. யாரும் எங்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அந்தத் தம்பியிடமும் கேட்கவில்லை.

அந்த வருசம் ஒக்டோபர் 19ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் செய்தியாளர் நிமலராஜன் ஊரடங்கு நேரத்தில் வீட்டில் வைத்துக் கொல்லப்பட்டார். லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி பட்டப்பகலில் வேலைக்குப் போகும் வழியில் கொல்லப்பட்டார். சிவப்புப் பேனையும் துவக்கும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் எழுதுகிறவன் எதிரி என்று சட்டம் ஒரு தரம் சொல்லிவிட்டால், துவக்கு வைத்திருக்கிறவனுக்கு மீதி தானாக விளங்கிவிடுகிறது.

சரி, அரசின் நியாயத்தையும் பார்ப்போம். யுத்தம் நடக்கும்போது எல்லாவற்றையும் எழுத முடியாதுதான். எந்தப் பாதையால் படை போகிறது, எந்தக் கப்பலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எழுதுவது அவர்களின் உயிரோடு விளையாடுவது. தணிக்கை இல்லாத காலத்திலும் அப்படியான வரிகளை எங்கள் ஆசிரியர் எடுக்கச் சொல்லுவார், நானும் எடுத்திருக்கிறேன், அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஆனால் என் கண்ணுக்கு முன்னால் வெட்டப்பட்டவற்றில் படை போகும் பாதை அனேகமாக இருக்கவே இல்லை. எத்தனை பேர் செத்தார்கள், எங்கே சாப்பாடு போகவில்லை, எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்பவைதான் வெட்டப்பட்டன. இவை எதிரிக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரியாமல் இருந்தது நாட்டின் மற்றப் பாதிச் சனத்துக்கு.

அந்த வெற்றிடம் வெறுமையாகவும் இருக்கவில்லை. 90களில் வடக்கில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுத்த, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ பேசும். இரவு ஒன்பதேகாலுக்கு பி.பி.சி. தமிழோசை, மற்ற நேரத்தில் புலிகளின் குரல். பேப்பர் சொல்லாததை வானொலி சொன்னது, வானொலி சொல்லாததை வதந்தி சொன்னது. தென்பகுதியில் அரச தொலைக்காட்சி ஒரு யுத்தத்தைக் காட்டியது, வடக்கில் சைக்கிள் டைனமோ இன்னொரு யுத்தத்தைச் சொன்னது. ஒரே நாட்டில் இரண்டு யுத்தம். எங்கள் பக்கங்களை வெட்டியதால் புலிகளுக்கு ஒரு நட்டமும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்களின் வானொலிக்குக் கேட்பவர்கள் கூடினார்கள்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதத்தை நானே கிழித்துப் போட வேண்டும். பேச்சை அடக்கியது அரசு மட்டுமில்லை. யாழ். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் படிப்பித்த ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21ஆம் திகதி வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுடப்பட்டார். அரசு, இந்திய இராணுவம், புலிகள் என்று எவரையும் விட்டுவைக்காமல் எழுதியவர். புலிகள்தான் செய்தார்கள் என்று பரவலாக நம்பப்பட்டது. அவர்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் வெளியே போவதற்குப் பாஸ் எடுக்க வேண்டும், அவர்களைப் பற்றிக் குறை பேசுவதற்கு எந்தப் பாஸும் கிடையாது. தேநீர்க்கடையில் குரலைத் தாழ்த்தும் பழக்கத்தை எங்களுக்கு இரண்டு தரப்பும் பழக்கின. 1987 ஒக்டோபரில் ‘ஈழமுரசு’, ‘முரசொலி’ அச்சகங்களை இந்திய அமைதிப்படை தகர்த்ததையும் சேர்த்துக்கொண்டால் மூன்று தரப்பு.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. பேச்சாலோ எழுத்தாலோ சைகையாலோ சமூகங்களுக்கிடையே மனக்கசப்பையோ பகைமையையோ ஏற்படுத்தினால், அல்லது ஏற்படுத்த எண்ணினால், அது குற்றம். நான் சொற்களோடு வாழ்ந்தவன், அதனால் கேட்கிறேன்: மனக்கசப்பை எதைக் கொண்டு அளப்பது? ஒரு வரியை வாசித்து எனக்குக் கசக்கும், உங்களுக்குக் கசக்காது. யாருக்குக் கசந்தால் குற்றம்?

விடை 2009இல் கிடைத்தது. ஜே.எஸ். திசைநாயகம் என்ற பத்திரிகையாளர் 2006இல் ஒரு ஆங்கில மாத இதழில் இரண்டு கட்டுரை எழுதினார். ஒன்று தமிழருக்குப் பாதுகாப்பு இல்லாதது பற்றி, மற்றது கிழக்கில் வாகரையில் சனம் சாப்பாடும் மருந்தும் இல்லாமல் தவிப்பது பற்றி. 2008 மார்ச்சில் அவரைப் பிடித்தார்கள். 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 வருசக் கடூழியச் சிறை கொடுத்தார்கள். திகதியைக் கவனியுங்கள். யுத்தம் மே மாதமே முடிந்துவிட்டது. சுடுவதற்கு ஆளில்லாத நாட்டில், மூன்று வருசத்துக்கு முந்திய இரண்டு கட்டுரைக்கு 20 வருசம். 2010 மே 3ஆம் திகதி, உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளில், அவருக்குப் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். அந்த நாளைத் தெரிவு செய்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, இது என் தொழிலுக்கு இன்னும் கிட்ட. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை இந்தச் சட்டம் சாட்சியமாக ஏற்கிறது. அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்க வேண்டியது அடிவாங்கியவரின் பொறுப்பு. சிங்கராசா வழக்கைப் படித்துப் பாருங்கள். 1993இல் கைதானவர். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒரு வாக்குமூலத்தில் அவருடைய கைநாட்டு. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அந்தக் கடதாசியை வைத்து 50 வருசச் சிறை, மேன்முறையீட்டில் 35 ஆனது. ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் இது தவறு என்று சொன்னது, எங்கள் உயர் நீதிமன்றம் 2006இல் அந்தக் கருத்து இங்கே செல்லாது என்றது. என் மேசைக்கு வந்த எந்தப் பக்கத்தையும் வாசிக்காமல் நான் ஒப்பம் வைத்ததில்லை, வைத்தால் அது பிழை என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு மனிதனின் 35 வருசத்துக்கு அந்த விதி தேவைப்படவில்லை.

2009 ஜூலை 8ஆம் திகதி தொலைக்காட்சியில் பார்த்த ஒரு காட்சியையும் நான் மறக்கவில்லை. வன்னியில் கடைசி வரை நின்று காயப்பட்டவர்களுக்கு மருந்து கட்டிய ஐந்து வைத்தியர்களைத் தடுப்புக்காவலில் இருந்து கொண்டுவந்து பத்திரிகையாளர் முன் இருத்தினார்கள். தாங்கள் யுத்த காலத்தில் சொன்ன இறப்புக் கணக்குகள் மிகைப்படுத்தியவை என்று அவர்கள் சொன்னார்கள். நான் அப்போதும் வேலையில் இருந்தேன். அந்தச் செய்தியை ஒப்புநோக்கும்போது ஒரு எழுத்துப் பிழையும் இருக்கவில்லை.

பிறகு முஸ்லிம்களின் முறை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அதே சட்டம் தூசு தட்டி எடுக்கப்பட்டது. மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த அஹ்னாப் ஜசீம் என்ற இளம் ஆசிரியர் 2020 மே மாதம் கைதானார். காரணம், அவர் 2017இல் வெளியிட்ட ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதைப் புத்தகம். அதில் தீவிரவாதம் இருக்கிறதாம். வாசித்தவர்கள் அது தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் என்று சொல்லிச் சொல்லி அலுத்தார்கள். ஒன்றரை வருசத்துக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார், 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தமிழ் தெரிந்த ஒரு ஆள் அந்தப் புத்தகத்தோடு அரை மணித்தியாலம் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. என்னைக் கூப்பிட்டிருந்தால் நானே போயிருப்பேன், பஸ் காசும் கேட்டிருக்க மாட்டேன்.

உங்களில் பெரும்பாலானவர்கள் அமர்ந்திருக்கும் ஆளுங்கட்சிப் பக்கத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1983 ஜூலைக் கலவரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் உங்கள் தாய்க்கட்சியான ஜே.வி.பி.யைத் தடைசெய்தது யார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அடுத்த மாதம் அதே அரசு அரசியலமைப்புக்கு 6ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்து, தனிநாட்டை ஆதரித்துச் சமாதானமாகப் பேசுவதையும் குற்றமாக்கியது. தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் அந்தத் திருத்தம் கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்து ஆசனத்தை இழந்தார்கள், பேச வேண்டிய ஆட்கள் சபையில் இல்லாமற்போனார்கள். பிறகு யார் பேசினார்கள், எதால் பேசினார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும். 1987 தொடங்கி 1989 வரை தெற்கில் அவசரகாலச் சட்டத்தின் கீழ் கொண்டுபோகப்பட்டு, திரும்பி வராத உங்கள் தோழர்களின் எண்ணிக்கையை நீங்களே இன்னும் முழுதாகச் சொல்ல முடியாது. ரயர் போட்டு எரித்த உடல்களைப் பற்றி அப்போது எந்தப் பேப்பர் எழுதியது? அரச பத்திரிகைகளை விற்கக் கூடாது என்று கடைக்காரர்களை உங்கள் பக்கம் மிரட்டியதும் அதே காலத்தில்தான், அதையும் மறக்க வேண்டாம். அடக்கப்படுவதும் அடக்குவதும் எப்படி இருக்கும் என்று இரண்டும் தெரிந்த கட்சி இந்த நாட்டில் உங்களுடையதுதான். 2024 தேர்தலில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று எழுதித் தந்தீர்கள். யாழ். மாவட்டத்தில் 6 ஆசனத்தில் 3 உங்களுக்கு வந்தது. என் வீட்டிலும் அந்த வாக்கு இருந்தது.

புதிய சட்டத்துக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்பதில் எனக்கு அக்கறை இல்லை. கேட்பது இதுதான். சொல்லைத் தண்டிக்க வேண்டுமென்றால், ஆளை அடி, வீட்டைக் கொளுத்து என்று நேரே வன்முறைக்குத் தூண்டும் சொல்லோடு நிறுத்துங்கள். அந்த எண்ணம் இருந்ததா, அதனால் வன்முறை நடக்கும் நிலை இருந்ததா என்பதை அரசு நிரூபிக்கட்டும். மனக்கசப்பு, மதிப்புக் குறைவு, மன உளைச்சல் என்று மனசுக்குள் நடப்பவற்றைக் குற்றமாக்காதீர்கள். பொலிஸ் எழுதிய வாக்குமூலத்தை நீதிமன்றத்துக்கு வெளியே நிறுத்துங்கள். ஒரு பத்திரிகையை நிறுத்துவதானால் நீதவானிடம் போய்க் காரணம் சொல்லி நிறுத்தட்டும், அமைச்சின் கடிதத்தால் வேண்டாம். சட்டத்துக்கு ஒரு முடிவுத் திகதி போடுவதானால் அந்தத் திகதியில் அது உண்மையாகவே முடியட்டும். மற்றவற்றைச் சட்டத்தரணிகள் சொல்வார்கள்.

இன்னொரு சின்ன விசயம். சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியை வெளியிட முன் எனக்கு அனுப்பினால் பிழை பார்த்துத் தருகிறேன். கூலி வேண்டாம். வர்த்தமானியில் வரும் தமிழ் சில நேரம் எந்த நாட்டுத் தமிழ் என்றே விளங்குவதில்லை, அதை வைத்து ஆட்களை உள்ளே போடுவது பெரிய ஆபத்து.

கடைசியாக, 2025 ஏப்ரலில் ஒரு பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை என்கிறேன், நாற்பது வயசிருக்கும். தென்மராட்சியில் அந்த ஷெல்லில் செத்த அம்மாவின் மகள். மாமன் சொல்லி என்னைத் தேடிப் பிடித்திருக்கிறாள். தாயின் 25ஆவது ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் அறிவித்தல் போட வேண்டும், எழுதித் தாருங்கள் என்றாள். எழுதினேன். ‘ஷெல் வீச்சில்’ என்ற இடம் வந்ததும் அவள், “அதைப் போட்டா இப்ப பிரச்சினை ஒண்டும் வராதோ, ஐயா?” என்று கேட்டாள்.

அதற்கு முந்தின வருசம், 2024 மே மாதம், சம்பூரில் முள்ளிவாய்க்கால் நினைவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைப் பிடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. “போடு பிள்ளை, யுத்தம் முடிஞ்சு பதினாறு வருசமாச்சு” என்றுதான் சொன்னேன். சொல்வதற்கு முன் ஒரு தரம் படலையைத் திரும்பிப் பார்த்தேன். அதை அவளும் கண்டாள்.

மே 17ஆம் திகதி பேப்பர் வாங்கினேன். அறிவித்தல் வந்திருந்தது. நான் எழுதிக் கொடுத்தபடியேதான், ஒரு பிழையும் இல்லை. அந்த இரண்டு சொல் மட்டும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒப்புநோக்காளர் ஒருவர்,
கோண்டாவில்